சிறுவாணி: நம் கையில் உள்ள அமானிதம்

ஐவேளையும் ஒளூச் செய்வதற்காகக் குழாயைத் திறக்கிறோம், தண்ணீர் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது, எவருடைய உழைப்பால் வருகிறது என்று நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருப்போம்?

கோவை மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே, மழைமறைவில் அமைந்த ஊர். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலைக்கு அப்பாலேயே பொழிந்துவிடும். ஆகவே முன்னோர் நொய்யலின் வெள்ளத்தை வாய்க்கால் வெட்டிக் குளங்களில் தேக்கினர். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க்குளம் ஆகியவை இன்றும் நம் கண்முன் உள்ளன. குளம் நிறைந்தால் சுற்றுக் கிணறுகள் ஊறும். குளம் வற்றினால் ஊரே தவிக்கும்.

1866ஆம் ஆண்டு கோவை நகராட்சியாயிற்று. 1880களின் இறுதியில் பஞ்சாலைகள் தோன்றின. மக்கள் பெருகினர், கிணறுகள் போதவில்லை. இந்நிலையில், மலைக்கு மேற்கே ஓடும் சிறுவாணி நீரை நகருக்குக் கொண்டுவர வேண்டுமென்று குரல் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் பத்திரிகையாளர் சே.ப. நரசிம்மலு நாயுடு. அவருடைய எண்ணம் நிறைவேறுமுன்பே, 1922ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

பின்னர் நகராட்சித் தலைவர் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் முயற்சியால், 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் சிறுவாணி நீர் கோவையை வந்தடைந்தது. நாம் நாள்தோறும் உச்சரிக்கும் ஆர்.எஸ்.புரம் என்பது அவருடைய பெயரே. பெயர் நம் நாவில் இருக்கிறது. அதற்குரிய மனிதரை நாம் மறந்துவிட்டோம்.

நகரம் மேலும் வளர்ந்தபோது 1973ஆம் ஆண்டு தமிழகமும் கேரளமும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி எழுந்த அணை 1984ஆம் ஆண்டு நிறைவுற்றது. அது நிற்கும் இடம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம். அதன் நீரைப் பருகுவோர் கோவை மக்கள். அந்நீர் மலையிலிருந்து தன் சரிவிலேயே இறங்கி நம்மை அடைகிறது. ஆயினும் மழை பொய்த்தால் அணை என்ன செய்யும்? 2017ஆம் ஆண்டு நீர்மட்டம் அடித்தட்டுக்கே சென்றது. பவானி ஆற்றின் பில்லூர் நீரும் வருவதால்தான் இந்நகரம் தாக்குப்பிடிக்கிறது.

சகோதரர்களே! மதீனாவில் விலை கொடுத்தே தண்ணீர் பருக வேண்டியிருந்த காலத்தில் உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கினார்கள். தாகம் தீர்ப்பதில் தமர், பிறர் என்ற பேதம் இல்லை. நாயுடுவும் முதலியாரும் உழைத்த நீரில்தான் இன்று நாம் ஒளூச் செய்கிறோம். அந்த நன்றியை மறப்பது முஃமினுக்கு அழகன்று.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளூச் செய்தார்கள். அது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவே. நாமோ குழாயைத் திறந்துவிட்டு அருகில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம். அவ்வாறு வீணாகும் நீர், குடத்துடன் காத்திருக்கும் ஒரு தாயின் பங்கு அல்லவா? குழாயை மூடுவது சிறு செயல். அமானிதத்தைக் காப்பது பெருங்கடமை.

வல்ல அல்லாஹ் நம்மை நன்றியுடையோராக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.