எடின்பரோவில் பிறந்த அரைப்புள்ளி

பைத்தானில் பழகிய கை, ஓகேமல் மொழிக்கு வந்த முதல் நாளே [1, 2, 3] என்று தட்டிவிடும். ஓகேமல் முகம் சுளிக்காமல் அதை ஏற்றுக்கொள்ளும். சிக்கல் தொடங்குவதே அங்கேதான். எழுதியவர் நினைத்தது மூன்று எண்கள் கொண்ட பட்டியல். ஓகேமல் புரிந்துகொண்டதோ ஒரே ஓர் உறுப்புள்ள பட்டியல். 1, 2, 3 மூன்றும் ஒன்றாகக் கட்டிய டியூப்பிள்தான் அந்த உறுப்பு. பல வரிகள் தள்ளி, எண்களைக் கூட்டச் சொல்லும்போதுதான் பிழைச்செய்தி வரும், அதுவும் ஒரு பாவமும் அறியாத வரியைச் சுட்டிக்காட்டி.

எழுத வேண்டியது [1; 2; 3].

இந்த அரைப்புள்ளியின் ஊர் எடின்பரோ. 1970களில் அங்கே ராபின் மில்னரும் குழுவினரும், தேற்றங்களை நிறுவ உதவும் எல்சிஎஃப் என்ற அமைப்புக்காக எம்எல் மொழியை உருவாக்கினார்கள். அடைப்புக்குறி போடாமல் 1, 2 என்று எழுதினாலே அதில் ஓர் இணை உருவாகிவிடும். காற்புள்ளிக்கு அந்த வேலை இருந்ததால் பட்டியலுக்குள் அரைப்புள்ளி வந்து அமர்ந்தது.

அதன்பின் குடும்பம் பிரிந்தது. ஸ்டாண்டர்ட் எம்எல், டியூப்பிளுக்கு அடைப்புக்குறியைக் கட்டாயமாக்கிவிட்டு, பட்டியலைக் காற்புள்ளியிடம் கொடுத்தது. பிரான்சின் இன்ரியா ஆய்வகத்தில் வளர்ந்த கேமல் பழைய வழக்கத்தை விடவில்லை. 1996இல் வந்த ஓகேமலுக்கும், டான் சைம் உருவாக்கிய எஃப் ஷார்ப்புக்கும் அரைப்புள்ளி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. எஃப் ஷார்ப்பில் உறுப்புகளை வரிக்கு ஒன்றாக எழுதினால் எந்தக் குறியும் வேண்டாம் என்பது நல்ல ஏற்பாடு.

இந்தப் பிழையை மாணவரின் கவனக்குறைவு என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அவர் முட்டிக்கொள்வது அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு முடிவில். அவருக்குக் கற்றுத்தர வேண்டியது பிழைச்செய்தியைப் படிக்கும் விதம். 'இன்ட் லிஸ்ட்' வரவேண்டிய இடத்தில் '(இன்ட் * இன்ட் * இன்ட்) லிஸ்ட்' என்று வந்தால், நடுவில் நிற்கும் நட்சத்திரக்குறி டியூப்பிளின் அடையாளம். குற்றம் சாட்டப்பட்ட வரியை விட்டுவிட்டு, பட்டியலை முதலில் எழுதிய இடத்துக்குப் போய்க் காற்புள்ளியைத் தேட வேண்டும்.

2016இல் ஃபேஸ்புக்கிலிருந்து வெளிவந்த ரீசன், ஓகேமலுக்கே வேறொரு எழுத்துமுறை தந்து, பட்டியலைக் காற்புள்ளிக்கு மாற்றியது. ஓகேமல் மாறவில்லை, 2022இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பிலும் அரைப்புள்ளிதான்.