வாங்பாவும் கடிகாரமும்

1990களின் பிற்பகுதியில் சீன நகரங்களெங்கும் ‘வாங்பா’ எனப்படும் இணைய மையங்கள் முளைத்தன. வீட்டில் கணினி இருப்பது அபூர்வமான காலம் அது. ஒரு குழந்தைக் கொள்கையால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை இல்லாமல் வளர்ந்து, ‘காவ்காவ்’ என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக விரட்டப்பட்ட பிள்ளைகளுக்கு, சிகரெட் புகை மண்டிய அந்த அறைகளே சிநேகிதம் கிடைக்கும் இடமாயின. பெரியவர்களுக்கோ அவை பிள்ளைபிடிக்கும் குகைகள். 2000 மே மாதம் ‘குவாங்மிங்’ நாளிதழ் கணினி விளையாட்டை ‘மின்னணு ஹெராயின்’ என்றது. அடுத்த மாதமே வீடியோ கேம் கருவிகளை விற்கத் தடை வந்தது. கணினி அந்தத் தடைக்குள் வரவில்லை.

2002 ஜூன் 16 விடிவதற்கு முன், பெய்ஜிங்கில் கல்லூரிகள் நிறைந்த ஹைடியன் பகுதியில் உரிமமின்றி நடந்த ஒரு வாங்பா எரிந்தது. ஊழியர்களோடு தகராறு செய்த சிறுவர்கள் பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்திருந்தார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பிகள். உள்ளே விடிய விடிய விளையாடியவர்களில் 25 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மாணவர்கள். அந்த நவம்பரில் அமலான விதிகள், 18 வயதுக்குட்பட்டோர் வாங்பாவுக்குள் நுழையக் கூடாது, பள்ளியிலிருந்து 200 மீட்டருக்குள் கடை கூடாது, நள்ளிரவில் மூட வேண்டும் என்றன. கம்பியைவிட வயதே குற்றவாளியானது.

அதன்பின் கட்டுப்பாடு கடிகாரத்துக்கு மாறியது. 2007இல் வந்த ஏற்பாட்டின்படி, சிறார் மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் விளையாட்டில் சேரும் புள்ளிகள் பாதியாகும். ஐந்தைத் தாண்டினால் ஒன்றுமில்லை. இதற்கிடையே ‘இணைய அடிமைத்தன’ முகாம்கள் பெருகின. ராணுவப் பயிற்சி, அடி, சில இடங்களில் மின்னதிர்ச்சி. பணம் கட்டி அனுப்பியவர்கள் பெற்றோரே. 2009இல் மின்னதிர்ச்சிச் சிகிச்சையைச் சுகாதார அமைச்சகம் நிறுத்தியது. அதே ஆண்டு குவாங்சியில் ஒரு முகாமில் சேர்க்கப்பட்ட 15 வயதுச் சிறுவன் அடிபட்டு இறந்தான்.

கைபேசி வந்ததும் வாங்பா பழங்கதையாயிற்று. சிறாரின் இணைய விளையாட்டுக்கு 2019இல் பள்ளி நாட்களில் 90 நிமிடம் என்றிருந்த வரம்பு, 2021 செப்டம்பரில் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 வரை என்று சுருங்கியது. அந்த ஆண்டே தனிப்பயிற்சி வகுப்புகளுக்கும் கடிவாளம் விழுந்தது. காவ்காவ் மட்டும் அப்படியே நின்றது. பிள்ளைகள் பெரியவர்களின் விளையாட்டுக் கணக்குகளைத் தேடினார்கள். அவற்றை வாடகைக்கு விட்ட தளங்கள்மீது விளையாட்டு நிறுவனமான டென்சென்ட் வழக்குத் தொடுத்தது.