அருளரும் கலாவும்: ஒரு மகளின் இறுவட்டுகள்

ஈழத்தமிழரின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் பத்திரிகைச் செய்திகளையும் இயக்கப் பிரசுரங்களையும் மனித உரிமை அறிக்கைகளையும் சான்றாகக் கொள்வர். ஹிப் ஹொப் இறுவட்டுகளை எவரும் தேடி எடுப்பதில்லை. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா என்கிற மாதங்கி அருட்பிரகாசத்தின் முதலிரண்டு அல்பங்களையும் அந்தச் சான்றுகளோடு சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து. முதலாவது 'அருளர்' (2005), தகப்பனாரின் பெயர். இரண்டாவது 'கலா' (2007), தாயாரின் பெயர்.

அருளரை நம்மவர் அறிவர். 1975இல் லண்டனில் ஈரோஸ் இயக்கத்தை ஆரம்பித்தவர்களுள் அவரும் ஒருவர். 1977 ஓகஸ்ட் கலவரத்தின் பின் கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளை வடக்கே ஏற்றிச்சென்ற கப்பலின் பெயரில் 'லங்காராணி' என்ற நாவலை 1978இல் எழுதியவர். மகளுக்குப் புகழ் வந்தபோது மேற்கத்தியப் பத்திரிகைகள் பல இவரை விடுதலைப் புலி என்றே எழுதின. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு என்பதை விளங்கிக்கொள்ள ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமாயிருந்திருக்கும். ஆனால் குற்றம் முழுவதையும் பத்திரிகைகள் மீது சுமத்துவதும் நியாயமன்று. அந்த அல்பத்தின் அட்டையிலே டாங்கிகளும் குண்டுகளும் புலி உருவங்களும் பாடகியின் முகத்தைச் சூழ்ந்திருந்தன. அதைப் பார்த்த அந்நியர் வேறு எதை எண்ணுவர்?

'அருளர்' பெரும்பாலும் ஒரு சிறிய ரோலண்ட் தாளப்பெட்டியில் உருவானது. வெறுமையான தாளம், பாட்டுக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட குரல். பிரித்தானியாவின் மேர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. இசையில் துணிச்சல் உண்டு. சொற்களிலோ போராட்டம், குண்டு, புரட்சி எல்லாம் சுவரொட்டிகள்போல் ஒட்டப்பட்டிருக்கின்றன. எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த ஒரு மனிதரைக்கூட அங்கே நான் சந்திக்கவில்லை. வீட்டில் இல்லாத தந்தையின் காதில் விழட்டும் என்றே அந்தப் பெயரை வைத்ததாக மகள் கூறியிருக்கிறார். தந்தையோ பெயரை மாற்றும்படி எழுதினாராம். மகள் மாற்றவில்லை.

'கலா' வேறு வகையானது. 2006இல் அமெரிக்கா விசா வழங்க மறுத்ததால், அங்கு செய்ய எண்ணிய ஒலிப்பதிவை இந்தியா, ட்ரினிடாட், ஜமெய்க்கா, லைபீரியா என்று அலைந்து செய்ய நேர்ந்தது. அந்தத் தடை இசைக்கு நன்மையாகவே முடிந்தது. தமிழ்நாட்டு உறுமி மேளம் இந்த அல்பத்தில் அதிர்கிறது. முதற்பாட்டில் 'தளபதி' (1991) படத்துக்கு இளையராஜா அமைத்த 'காட்டுக்குயிலு' பாடலின் துண்டொன்று வருகிறது. 'ஜிம்மி' என்ற பாட்டு 1982இல் வெளிவந்த 'டிஸ்கோ டான்ஸர்' என்ற இந்திப் படத்துக்குரியது. சிறுமியாக இருந்தபோது விருந்துகளில் அதற்குத் தான் ஆடியதாக மாயா சொல்லியிருக்கிறார்.

இது திருட்டல்லவா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஹிப் ஹொப் பிறந்த விதமே இதுதான். ஜமெய்க்காவிலிருந்து நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதிக்குக் குடியேறிய கூல் ஹேர்க் என்ற இளைஞர், 1973இல் தம் சகோதரி நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில விநாடிகளை, ஒரே தட்டின் இரு பிரதிகளைக் கொண்டு நீட்டுவது அவருடைய உத்தி. கையில் இருந்த பழைய தட்டுகளே அங்கு வாத்தியங்களாயின. ஊரைவிட்டு வந்தவர்கள் நினைவில் கொண்டுவந்த துண்டுகளை வைத்துப் புதியதைக் கட்டும் கலை இது. நம்முடைய சபாக்கள் மேடையேற்றத் தயங்கிய உறுமி இந்தக் கலை வழியாகத்தான் உலகச் சந்தைக்குப் போனது.

'பேப்பர் பிளேன்ஸ்' பாடலை அறியாதவர் குறைவு. த கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் இசைத்துண்டின் மேல் கட்டப்பட்டது. துப்பாக்கிச் சத்தமும் பணப்பெட்டி திறக்கும் சத்தமும் பல்லவியில் வருகின்றன. குடியேறியவன் என்றாலே கள்ளன் என்று பார்க்கும் கண்களைக் கேலி செய்யும் பாட்டு அது. 2008இல் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது.

2009 ஜனவரி 8இல் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டபின், கொழும்பில் பத்திரிகை வேலை செய்த நாங்கள் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தே எழுதினோம். சரியாக ஒரு மாதம் கழித்து, பிரசவத்துக்கு நாட்களே இருந்த நிலையில் மாயா கிராமி மேடையில் பாடினார். அந்த மாதங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வன்னி மக்களைப் பற்றியும் பேசினார். எல்லாச் சொல்லையும் அவர் அளந்து பேசினார் என்று நான் சொல்லமாட்டேன். அளந்து எழுதிய எங்களால் அந்த மக்களின் கதையை வெளியே கொண்டுவர முடியவில்லை என்பதும் உண்மை.

பின்வந்த 'மாயா' (2010), 'மாதங்கி' (2013), 'ஏ.ஐ.எம்.' (2016), 'மாதா' (2022) ஆகியவற்றில் நல்ல பாட்டுகள் தனித்தனியே உண்டு. படகிலும் வேலியிலும் அகதிகளைக் காட்டும் 'போர்டர்ஸ்' அவற்றுள் சிறந்தது. முழு அல்பமாக 'கலா'வை எட்டியது எதுவும் இல்லை.

அருளர் 2019 டிசெம்பரில் காலமானார். அதே ஆண்டில் மகளுக்கு எம்.பி.இ. விருது அறிவிக்கப்பட்டிருந்தது. அரச பதக்கங்களைத் தன் தாயார் பல்லாண்டுகளாகக் கையால் தைத்தவர் என்று அப்போது அவர் தெரிவித்தார். 1986 அளவில் மூன்று பிள்ளைகளோடு அகதியாக லண்டன் சேர்ந்த பெண்ணின் பிழைப்பு அது. இயக்கங்களின் வரலாற்றை எழுதும் நூல்களில் அருளருக்கு இடமுண்டு. ஆண்கள் இயக்கத்துக்குப் போனபின் வீட்டைச் சுமந்த கலாக்களைப் பற்றி அவற்றில் ஒரு பக்கத்தையாவது நான் காணவில்லை. கலாவின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்டது ஒரு இறுவட்டின் அட்டை மட்டுமே.