ரொட்டித் திருடனும் ஜாவரும்

தமிழ்ப் படவுலகில் நடிகர் ஒருவருக்குப் பிரெஞ்சு நாட்டுப் போலீஸ்காரன் ஒருவனுடைய பெயர் வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்டது. அவர் சீதாராமன், சட்டம் பயின்றவர், எழுத வல்லவர். 1954இல் வந்த ‘அந்த நாள்’ படத்துக்கு உரையாடல் எழுதி, அதில் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தவர். ‘உடல் பொருள் ஆனந்தி’ நாவலின் ஆசிரியரும் அவரே. எனினும் கற்ற கல்வியோ எழுதிய நூலோ அவருக்கு அடைமொழி தரவில்லை. 1950ஆம் ஆண்டில் ‘ஏழை படும் பாடு’ என்னும் படத்தில் ஜாவர் என்ற போலீஸ் அதிகாரியாகத் தோன்றினார். அதன்பின் ‘ஜாவர் சீதாராமன்’ என்றே வழங்கலானார். நடிகர்களுக்குப் பட்டம் சூட்டுவதில் நம்மவர் சளைத்தவர் அல்லர். மேடை போட்டு, மாலை வாங்கி, பொன்னாடை போர்த்திச் சூட்டிய பட்டங்களுள் எத்தனையோ ஆண்டு திரும்புவதற்குள் உதிர்ந்து போயின. இந்தப் பெயரோ மக்கள் வாயில் நின்றுவிட்டது. ஒரு நாவல் திரைக்கு வருங்கால் பார்ப்பவர் மனம் எதைப் பற்றிக்கொள்கிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

கதை பலரும் அறிந்ததே. எனினும் சுருங்கச் சொல்லிவிடுவோம். விக்டர் ஹியூகோ தாய்நாட்டை விட்டுக் கெர்ன்சித் தீவில் வாழ்ந்த காலத்தில் முடித்து, 1862இல் வெளியிட்ட பெருநாவல் அது. தமக்கையின் பசித்த ஏழு குழந்தைகளுக்காக ஒரு ரொட்டியைத் திருடுகிறான் ஜீன் வால்ஜீன். தண்டனை ஐந்தாண்டு, தப்பியோட முயன்ற குற்றத்துக்காகக் கூட்டிக் கூட்டிப் பத்தொன்பது ஆண்டு ஆகிறது. விடுதலை பெற்றவன் கையில் ஒரு மஞ்சள் சீட்டு. அதைக் கண்டவர் சோறும் தாரார், படுக்க இடமும் தாரார். பாதிரியார் ஒருவர் இடமளிக்கிறார். அவர் வீட்டு வெள்ளியையே அவன் திருடுகிறான். பிடிபட்டு வந்தபோது, தாமே அவனுக்குக் கொடுத்ததாகச் சொல்லி அவர் அவனைக் காக்கிறார். அன்று அவன் புதுமனிதனாகிறான். அவனை விடாது துரத்துகிறவன் ஜாவர். சிறையிலே பிறந்தவன் அவன். சட்டத்தையன்றி வேறு தாய் தந்தையரை மதியாதவன். ஈற்றில், தான் துரத்தியவனாலேயே உயிர்பிழைத்து, நன்றிக்கும் கடமைக்கும் நடுவே வழி காணாமல் ஆற்றில் விழுந்து மாய்கிறான்.

புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்த சுத்தானந்த பாரதியார் இந்நாவலை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கினார். பெயரிட்டபோதே பாதி வேலை முடிந்தது எனலாம். பிரெஞ்சுத் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘துயருற்றோர்’ என்பது போன்ற ஒன்று கிடைக்கும். அது புத்தக அலமாரிக்கு உரிய சொல். ‘ஏழை படும் பாடு’ என்பதோ கிணற்றடியிலும் பால் நிறுக்கும் கொட்டகையிலும் நாள்தோறும் புழங்கும் பேச்சு. இத்தமிழாக்கத்தைக் கொண்டு கோயம்புத்தூர் பக்ஷிராஜா நிறுவனத்தின் ஸ்ரீராமுலு நாயுடு படம் எடுக்க, கே. ராம்நாத் இயக்கினார். நாகையா, லலிதா, பத்மினி ஆகியோர் நடித்தனர். அதே நிறுவனம் அதே ஆண்டில் ‘பீதல பாட்லு’ என்ற பெயரில் தெலுங்கிலும் இக்கதையைத் தந்தது. பேராக்கின் கீழ்ப்பகுதித் தோட்டங்களில் தமிழரும் தெலுங்கரும் அடுத்தடுத்த லயங்களில் வாழ்ந்தவராதலின், இச்செய்தி நமக்குத் தனிச்சுவை தருவது.

பிரெஞ்சுக் கதைகள் தமிழ்த் திரைக்கு வந்தது அதுவே முதன்முறை அன்று. 1940இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார், பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நிறுத்தி, டூமாவின் முகமூடிக் கைதி கதையை ‘உத்தம புத்திரன்’ ஆக்கினர். 1958இல் ஜெமினி வாசன் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ எடுத்தபோது டூமாவின் மற்றொரு கதையைத் தழுவினார். ஆனால் அப்படத்தைப் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்: வைஜயந்திமாலாவும் பத்மினியும் ஆடிய போட்டி நடனத்தைச் சொல்வார்கள், டூமாவை யார் நினைப்பார்? வாளும் குதிரையும் மாறுவேடமும் நமக்குப் பழைய கூத்துகளிலேயே உண்டு. அரசகுமாரன் கதையைப் பார்த்து வியப்பவன், கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் அரசகுமாரனை அங்கேயே விட்டுவிடுகிறான். ஹியூகோவின் கதை அவ்வாறு விட்டுப் போகவில்லை.

போலீஸ்காரன் பெயர் ஏன் நிலைத்தது? நாகையா அதற்குமுன் ‘பக்த போதனா’, ‘தியாகய்யா’ முதலிய படங்களில் அருளாளராக நடித்து மக்கள் மனத்தில் இடம்பெற்றவர். அவர் திருடினாலும், அத்திருடன் நல்லவனாவான் என்பது சீட்டு வாங்கும்போதே பார்ப்பவருக்குத் தெரியும். ஆகவே திருடன் திருந்தியதில் அவர்களுக்கு நெகிழ்ச்சி இருந்தது, வியப்பு இல்லை. ஜாவரோ புதியவன். அதுவரை நம் கதைகளில் வந்த தீயவன் பொன்னுக்கோ பெண்ணுக்கோ ஆசைப்படுவான். இவனுக்கோ ஒன்றின்மேலும் ஆசையில்லை. லஞ்சம் வாங்கான், பொய் சொல்லான், தன் கடமையைச் செய்கிறான். அப்படிப்பட்டவன் எப்படித் தீயவனாவான்? இவ்வினாவைத் தமிழ்ப் பார்வையாளர்முன் வைத்தது இப்படம்.

ஈப்போவின் கொட்டகைகளிலும், பின்னர்த் தோட்டத்துத் திடல்களிலும் இப்படத்தைச் சிறு வயதில் பார்த்த முதியோர் சிலருடன் நாம் பேசியதுண்டு. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட நாளில், துரைக்கும் கிராணிமாருக்கும் நாற்காலி. வெட்டுமரத்துக்குப் போகும் சனங்களுக்குத் தரை. இடம் கிட்டாதவர் துணிக்குப் பின்புறம் அமர்ந்து எல்லாவற்றையும் இடவலம் மாறிப் பார்ப்பர். அங்கே தரையில் இருந்து பார்த்த பெரியவர் ஒருவர் சொன்னதை நாம் மறப்பதற்கில்லை. கங்காணி கோபித்தால் ஒரு கோழியைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமாம். காவற்காரனுக்குக் கள் வாங்கித் தரலாமாம். ஜாவருக்கு எதைக் கொடுப்பது என்று அவர் கேட்டார். ஊழலுள்ள அதிகாரியிடம் ஏழைக்கு ஒரு சந்து உண்டு, நேர்மையான அதிகாரியிடம் அச்சந்தும் இல்லை என்பதே அவர் கருத்து. ஊழலைக் கடிந்து பேசும் நாம் இதனை ஒப்புவது கடினம். மறுப்பது அதனினும் கடினம். செக்ரோல் புத்தகத்தில் பெயர் எழுதி, வராத நாளுக்குக் கோடு போடும் நம் போன்ற கிராணிமார் இதைச் சற்று அதிகமாகவே சிந்திக்க வேண்டும்.

இப்படம் வந்த காலம் எத்தகையது என்பதையும் கருதல் வேண்டும். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் நம் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. அது 1960ஆம் ஆண்டு ஜூலை முடிய நீடித்தது. அவ்வாண்டுகளில் லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி எழுந்தது. வேலியில் வாயில், வாயிலில் சோதனை. 1951 முதல் உணவுக் கட்டுப்பாடு வந்தது. காட்டிலுள்ள ஆயுதம் ஏந்தியோர்க்கு உணவு போகாதிருக்க வேண்டுமென்று, மரம் வெட்டப் போகிறவர் சோற்றுப் பொட்டலத்தை வெளியே கொண்டுபோகத் தடை விதித்தனர். கடையில் டின் உணவு வாங்கினால் கடைக்காரர் அதைத் துளையிட்டே கொடுக்க வேண்டும். 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே பன்னிருவர் கொல்லப்பட்டபோது, ஜெனரல் டெம்ப்ளர் அவ்வூர் முழுவதற்கும் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். விடியலில் வெறுங்கையராய்ப் புறப்பட்டு, மடியைத் தடவவிட்டு, வாயிலைக் கடந்து சென்றவர்களே இப்படத்தைப் பார்த்தவர்கள். உணவைக் கையில் வைத்திருப்பதே குற்றமான நாட்டில், ஒரு ரொட்டிக்காக ஒருவன் சிறை சென்ற கதை கட்டுக்கதையாகத் தோன்றியிராது.

ரொட்டியைப் பற்றி ஒரு சொல். அந்நாளில் தமிழ்நாட்டுச் சிற்றூரானுக்கு ரொட்டி என்பது காய்ச்சற்காரன் உணவு. ஒருவன் அதைத் திருடினான் என்றால் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பான்! நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கோ மாலையில் மணியடித்துச் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர் உண்டு. பாலில்லாக் காப்பியில் தோய்த்துத் தின்னும் பழக்கமும் உண்டு. பிரெஞ்சுக்காரனின் ரொட்டி தமிழ்நாட்டைவிடப் பேராக் தோட்டத்துக்கு அண்மையில் இருந்தது.

மஞ்சள் சீட்டும் அவ்வாறே. 1948இல் அவசரகாலத்தோடு அடையாள அட்டையும் வந்தது. பின்னர், குடியுரிமை பெற்றவர்க்கு நீலம், பெறாதவர்க்குச் சிவப்பு என்று நிறம் பிரிந்தது. பிறந்த சான்றிதழ் இல்லாமையாலும், எழுதத் தெரியாமையாலும், எழுதித் தருவார் இல்லாமையாலும் தோட்டத்துத் தமிழர் பலர் சிவப்பிலேயே நின்றுவிட்டனர். 1969க்குப் பின் குடியுரிமையற்றவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றானபோது, ஆயிரக்கணக்கானோர் தாம் நட்ட மரங்களை விட்டு, ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறித் தாங்கள் மறந்துபோன ஊர்களுக்குத் திரும்பினர். நிறமுள்ள காகிதம் ஒன்று மனிதனை எப்படி வாசலில் நிறுத்தும் என்பதை அவர்களுக்கு ஹியூகோ சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நம்மைத் திகைக்க வைத்தது வேறொரு கேள்வி. முன்னாளில் பால்மரம் வெட்டியவரும் இந்நாளில் ஈப்போ புந்தோங்கில் மகன் வீட்டில் இருப்பவருமான மூதாட்டி ஒருவரிடம் இக்கதையைப் பற்றிப் பேசினோம். ஜாவரைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. “அந்தப் பிள்ளைங்க என்ன ஆச்சு தம்பி?” என்றார். எந்தப் பிள்ளைகள் என்று நாம் விழித்தோம். ரொட்டியைத் திருடியது யாருக்காகவோ, அந்தப் பிள்ளைகள்!

பள்ளியில் ஆங்கிலச் சுருக்கப் பதிப்பைப் படித்துத் தேர்வெழுதிய நமக்கு அக்கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. முழு நாவலையும் பின்னர்ப் படித்தபோது ஹியூகோ அதற்கு விடை வைத்திருப்பதைக் கண்டோம்; ஒரு பக்க அளவே வரும் விடை. வால்ஜீன் சிறையில் இருந்தபோது தமக்கையைப் பற்றி ஒரே ஒருமுறை செய்தி வருகிறது. அவள் பாரிஸ் நகரில் ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கும் வேலை செய்கிறாள். எழுவருள் கடைக்குட்டி ஒருவன் மட்டுமே அவளோடு இருக்கிறான். மற்ற அறுவர் எங்கேயென்பது அவளுக்கே தெரியாதிருக்கலாம் என்கிறார் ஆசிரியர். காலை ஆறு மணிக்கு அவள் வேலைக்குப் போயாக வேண்டும். பள்ளி திறப்பதோ ஏழுக்கு. அந்த ஒரு மணி நேரம் சிறுவன் முற்றத்துக் குளிரில் காத்திருக்கிறான். மழைநாளில் வாயிற்காப்பாளியான கிழவி இரங்கித் தன் குடிலுக்குள் அழைத்துக்கொள்வாள்.

இருட்டோடு எழுந்து, குழந்தையை ஆயாக் கொட்டகையில் கிடத்திவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய பெண் இதைக் கேட்டால் என்ன நினைப்பாள்? அம்மூதாட்டியிடம் போய் இப்பகுதியைத் தமிழில் சொன்னோம். “ஆறு பிள்ளை” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். திரையைப் பார்த்தவர் பெரும்பாலோர் துரத்துகிறவனையும் ஓடுகிறவனையும் பார்த்தனர். அவர் பார்த்தது பசித்திருந்தவர்களை. திறனாய்வாளர் என்று பெயர் படைத்தோர் இக்கேள்வியைக் கேட்டதாக நாம் கண்டதில்லை.

அடுத்து ஒரு மாற்றத்தைக் கூற வேண்டும். 1955இல் சோராப் மோடி இதே கதையை ‘குந்தன்’ என்று இந்தியில் எடுத்தார். அது நம் சனங்களிடம் பேசப்பட்டதில்லை. 1972இல் பி. மாதவன் இயக்கத்தில் ‘ஞான ஒளி’ வந்தது. எழுதியவர் வியட்நாம் வீடு சுந்தரம். சிவாஜி கணேசன் அந்தோணியாகவும், மேஜர் சுந்தரராஜன் லாரன்ஸ் என்ற போலீஸ் அதிகாரியாகவும் நடித்தனர். தண்டனைக்குத் தப்பியவன் செல்வனாய்த் திரும்புவதும், அதிகாரி விடாது தொடர்வதும், கிறிஸ்தவத் திருச்சபைச் சூழலும் ஹியூகோவின் நிழலே. பார்த்தவர்கள் சிவாஜியின் நடிப்பில் உருகினர். அவருக்கும் சுந்தரராஜனுக்கும் நேரும் சொற்போரை இன்றும் நடித்துக் காட்டுவோர் தோட்டங்களில் உண்டு. நடிப்பில் நமக்கும் குறை சொல்ல மனமில்லை. ஆயினும் அந்தோணி செய்த குற்றம் யாது? மகளின் வாழ்வைக் கெடுத்தவனை அடிக்க, அவன் இறந்து போகிறான். தந்தையின் மானம் வந்தது, ரொட்டி போயிற்று. அதிகாரியும் பழைய தோழனாகிவிட்டான். சட்டத்துக்கும் பசிக்கும் இடையே நடந்த வழக்கு, இரண்டு நண்பர்களுக்கு இடையே நடக்கும் வழக்காயிற்று. கண்ணீர் மிகுந்தது, கேள்வி குறைந்தது. பட முதலாளிகளுக்கு மானம் விலைபோகும் சரக்கு. வயிறு அப்படியன்று போலும்.

அதே ஆண்டில் நம் தோட்டங்களில் பசி தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதும், ரப்பர் வெட்டப்பட்டு எண்ணெய்ப்பனை ஏறியதும், லயங்களை விட்டு மக்கள் நகரோரங்களுக்கு ஒதுங்கியதும் அவ்வாண்டுகளை ஒட்டியே நிகழ்ந்தன. அவர்கள் ‘ஞான ஒளி’யைப் பார்த்து அழுதனர், தங்களைப் பற்றிய கதை என்று நினைத்து அழவில்லை.

2012ஆம் ஆண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் பாட்டு வடிவில் டாம் ஹூப்பர் எடுத்த படம் வந்தது. ஈப்போவில் கல்லூரி மாணவர் சிலர் அதைப் பார்த்துவிட்டு, ஜாவராக வந்த ரஸ்ஸல் குரோவுக்குப் பாடத் தெரியவில்லை என்று சிரித்தனர். அவர்கள் சொல்வது தவறன்று. தங்கள் பாட்டன்மாருக்கு ஒரு ஜாவர் இருந்தான் என்பதும், ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் பூதமாக வந்தவரின் பெயருக்கு முன்னே நிற்பது அவனே என்பதும் அவர்களுக்குப் புதுச்செய்தி. கோழியும் கள்ளும் சொன்ன பெரியவருக்கு இந்தப் புதுப்படத்தைப் பற்றி எடுத்துச் சொன்னோம். கப்பலை இழுக்கும் கைதிகள், கொடி, துப்பாக்கி, பாட்டு எல்லாவற்றையும் பொறுமையோடு கேட்டவர், இதிலும் அவன் திருடுவது ரொட்டிதானா என்றார். ரொட்டிதான் என்றோம். “அப்படின்னா சரி” என்றார்.