எடைக்கல்லும் செவியும்

கொல்லன் பட்டறையைக் கடந்து சென்ற பித்தகோரசு, சம்மட்டிகளின் ஓசையில் ஓர் இசைவைக் கேட்டார். அவற்றை நிறுத்துப் பார்த்தார். அதே எடைகளை நரம்புகளில் தொங்கவிட்டு அதே இசைவைப் பெற்றார். கிரேக்க, இலத்தீன் இசைநூல்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதை இது. எடையை இருமடங்காக்கின் மேல்தாயிச் சுரம் பிறக்கும் என்பது அதன் சாரம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர் பலர் இதனை ஏட்டுக்கு ஏடு பெயர்த்தெழுதினர். சரிபார்க்க ஒரு நரம்பும் சில எடைக்கற்களும் போதும்!

கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தவர் பிளாரன்சு நகரத்து வின்சென்சோ கலிலேயி. அவர் லூட் என்னும் நரம்புக்கருவியை வாசிப்பவர். நரம்பை முறுக்கிச் சுருதி கூட்டுவதே அவர் அன்றாடத் தொழில். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கின் மேல்தாயி பிறக்கும் என்ற பழங்கணக்கில் பிழையில்லை. நீளத்தை மாற்றாமல் எடையை மட்டும் கூட்டினாலோ, இருமடங்கு போதாது. நான்கு மடங்கு வேண்டும். நம் குரல்-இளி இசைவுக்கு நீளம் 3:2 எனில், எடை 9:4. இதனை அவர் 1589இல் வெளியிட்டார். எண்களிலேயே இனிமை உறைகிறது என்று கற்பித்த அவருடைய ஆசிரியர் சார்லினோ அப்போது உயிருடன் இருந்தார். எதனை அளக்கிறோமோ அதற்கேற்ப எண் மாறுமாயின், எண்ணுக்குத் தனிப்புனிதம் ஏது?

இதே மனிதர்தாம் பார்தி பிரபுவின் இல்லத்தில் கவிஞரும் இசைவாணரும் கூடிய அவையில் மற்றொரு சோதனையையும் செய்தார். பல குரல்கள் பின்னிப் பாடும்போது கவிதையின் சொல் புதைகிறது என்பது அவர் வாதம். எனவே தாந்தேயின் உகோலினோ புலம்பலை ஒற்றைக் குரலுக்கு அமைத்துத் தாமே பாடினார். அவ்விசை இன்று கிடைத்திலது. எடைச் சோதனையை யாரும் எந்நாளும் மீண்டும் செய்து பார்க்கலாம், இதற்கு அவ்வாய்ப்பில்லை. பின்வந்தோர் அதனை ஏற்றுத் தொடர்ந்ததே சான்று. 1600இல் அதே நகரில் பெரியின் ‘யூரிடிசி’ இசைநாடகம் அரங்கேறியது. வின்சென்சோ அதனைக் கேட்கவில்லை, 1591இலேயே மறைந்துவிட்டார்.

அவர் எடை கட்டிப் பார்த்த காலத்தில் மூத்த மகனும் உடனிருந்து உதவியிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுவர். சாய்தளத்தில் உருண்டையை உருட்டி, ஒழுகும் நீரால் காலத்தை அளந்த கலிலியோவே அம்மகன். 1638இல் லைடனில் அச்சேறிய அவருடைய ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலில் நரம்பைப் பற்றிய பகுதியும் உண்டு. நான்கு மடங்குக் கணக்கு அங்கே இருக்கிறது. தந்தையின் பெயர் இல்லை.