புரை எடுத்த பிறகு

புதுச்சேரியில் கண்ணாஸ்பத்திரி என்றால் பலரும் கைகாட்டுவது தவளக்குப்பத்தை. கடலூர் ரோட்டில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003இல் வந்தது. ஆனால் அந்தப் பேர் அதற்கு வெகு முன்பே இந்த ஊரிலிருந்து கிளம்பிப் போயிருந்தது. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். அவர் அரவிந்தர் வழியில் ஈடுபாடு கொண்டவர். இங்கிருந்து மதுரைக்குப் போன பேர், 27 வருஷம் கழித்துக் கட்டடமாகத் திரும்பியது.

கண்புரையின் வரலாறு என்றாலே கத்தியைப் பற்றித்தான் பேசுகிறோம். கட்டுப் பிரித்த பிறகான நாட்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

சுஸ்ருதர் காலத்திலிருந்து இருந்த முறை, புரையை ஊசியால் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவது. உடனே வெளிச்சம் தெரியும். ஊர்சுற்றும் வைத்தியர் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அப்புறம்தான் வலி, சீழ், பலருக்கு நிரந்தர இருட்டு. சென்னைக் கண் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் ஹென்றி எலியட், இப்படிக் குத்துப்பட்ட நூற்றுக்கணக்கானவர்களின் கதியை ஆராய்ந்து ஒரு புத்தகமே எழுதினார்.

புரையை வெளியிலேயே எடுத்துவிடலாம் என்று 1747இல் காட்டியவர் ழாக் தவியேல் என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் டூப்ளே கவர்னர், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம். ஆனால் புரையோடு சேர்ந்து கண்ணின் லென்ஸும் போய்விடும். தலைக்கு இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்து, இருமக்கூடாது தும்மக்கூடாது என்று நாள்கணக்கில் அசையாமல் கிடந்து எழுந்தவருக்குக் கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடி. அதன் வழியே எல்லாமே கால் பங்கு பெரிசாகத் தெரியும். டம்ளரை எடுக்க நீட்டிய கை முன்னாலேயே நின்றுவிடும். படியில் கால் வைத்தால் படி அங்கே இருக்காது. ஓரப்பார்வையில் ஒரு வளையம் அளவுக்கு ஒன்றுமே தெரியாது, திடீரென்று ஆள் முளைப்பார். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் என்றால் இரண்டு கண்ணும் ஒத்தே போகாது. பேரப்பிள்ளை விளையாட்டாக அந்தக் கண்ணாடியை உடைத்துவிட்டால் மறுபடி பழைய நிலைமைதான். இலவச முகாம்களில் புரை எடுத்துக்கொண்ட நம் தாத்தா பாட்டிகளில் நிறையப் பேர் கடைசிவரை வாழ்ந்தது இந்தக் கோணல் உலகத்தில்.

லண்டனில் ஹரால்ட் ரிட்லி 1949 நவம்பர் 29இல் முதன்முதலாகக் கண்ணுக்குள் பிளாஸ்டிக் லென்ஸ் பொருத்தினார். போர்விமானக் கூரையின் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தங்கியும் பெரிய தொல்லை தரவில்லை என்று கவனித்திருந்தவர் அவர். கணக்குத் தப்பி, முதல் நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. சக மருத்துவர்களோ வருஷக்கணக்கில் எதிர்த்தார்கள். லென்ஸ் நல்லபடி அமைந்த பிறகும் அதன் விலை நம் ஊர் முகாமுக்குக் கட்டுப்படியாகவில்லை. அரவிந்த் 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி, சொந்தமாகத் தயாரித்ததும்தான் நிலைமை மாறியது. இன்று காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு. சில வாரம் சொட்டு மருந்து, தலைக்குக் குளிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இப்போது மல்டிஃபோகல். லென்ஸ்மேல் வட்டவட்டமாக வரிகள். வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்குபோடும், கொஞ்சம் வீணாகவும் போகும். இரண்டு பிம்பமும் ஒரே நேரத்தில் விழ, வேண்டியதை எடுத்துக்கொள்ள மூளை பழகவேண்டும். சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள். அதுவரை பீச் ரோட்டு விளக்கு ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம். "கண்ணாடியே வேணாம்னு சொன்னாங்களேப்பா, இது என்ன சாமி படம் மாதிரி தெரியுது?" என்று வீட்டுப் பெரியவர் கேட்டால் அது கோளாறு இல்லை, லென்ஸின் குணம். பெரும்பாலோருக்கு மங்கிவிடும். தாங்கவே முடியாமல் லென்ஸை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு.

விலைப்பட்டியலில் மேலே இருப்பதால் மல்டிஃபோகல்தான் நல்ல பார்வை, சாதா லென்ஸ் ஏழைக்கு என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. மங்கல் வெளிச்சத்தில் சாதா லென்ஸ்தான் தெளிவு. படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். விழித்திரையில் சர்க்கரைநோய்ப் பாதிப்பு உள்ளவருக்கும், ராத்திரியில் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கும் பொதுவாக மல்டிஃபோகலைப் பரிந்துரைப்பதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அப்பாவிடம் கேட்கவேண்டியது பட்ஜெட் எவ்வளவு என்பதை மட்டுமல்ல. ராத்திரி வண்டி ஓட்டுவீங்களா, பேப்பர் படிப்பீங்களா என்பதையும்தான்.