சாவி கொடுக்கும் முன்...

நாலு நாள் லீவு. மாமல்லபுரம் போய்க் கடல்காற்று வாங்க ஆசை. ஆனால், கடலோர ரிசார்ட்டில் வாடகையைக் கேட்டதும் ஆசை பாதியாகிவிடுகிறது! அப்போதுதான் யாராவது ஒரு யோசனை சொல்வார்: 'செங்கல்பட்டில் ஒரு குடும்பம் கோயமுத்தூர் வரணும்கிறாங்க. அவங்க உங்க வீட்டுல தங்கட்டும், நீங்க அவங்க வீட்டுல தங்குங்க. வாடகையே கிடையாது!'

இப்படி வீடு மாற்றிக்கொள்வது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1953-லேயே ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர் இதற்காக 'இன்டர்வாக்' என்ற அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். வாத்தியார் வேலையில் லீவு அதிகம், சம்பளம் கம்மி. வேறென்ன செய்வது?

ஆனால், அடுத்தவர் வீட்டில் காசில்லாமல் தங்குவதில் தொண்டைநாடு அவர்களுக்கெல்லாம் சீனியர்! சாட்சி, பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கித் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. வழி என்றால் சாலை மட்டுமா? எந்த ஊரில், யார் வீட்டில், என்ன சாப்பாடு என்பதும்தான்! இடையர் குடியில் பாலோடு தினைச்சோறு. உழவர் வீட்டில் நெல்லுச்சோறும் கோழிக்கறியும். அந்தணர் வீட்டில் சோற்றோடு மாதுளங்காய், கறிவேப்பிலை, மாவடு. வலைஞர் குடியில் சுட்ட மீனும் கள்ளும். வழியிலேயே நீர்ப்பெயற்று என்ற துறைமுகம், கப்பல்களைக் கூப்பிடும் கலங்கரை விளக்கம். அதுதான் இன்றைய மாமல்லபுரம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு.

கவனியுங்கள்... வந்த பாணன் என்ன ஜாதி என்று எந்த வீட்டிலும் கேட்டதாகப் பாட்டில் இல்லை.

பிற்காலத்தில் யாத்ரீகர்கள் பெருகினார்கள். வீடுகள் செய்த வேலையைச் சாவடிகளும் சத்திரங்களும் எடுத்துக்கொண்டன. ராஜாக்களும் வியாபாரிகளும் புண்ணியம் தேடி இவற்றைக் கட்டி, நிலமும் எழுதிவைத்தார்கள். படுக்க இடம் இலவசம். பல இடங்களில் சோறும் இலவசம். கூடவே ஒரு வியாதியும் வந்து சேர்ந்தது. உள்ளே விடும் முன் ஜாதி கேட்பது!

1904 வாக்கில் ஈரோட்டிலிருந்து காசிக்குப் போன இளைஞர் ஒருவருக்கு, பிராமணர் இல்லை என்ற காரணத்தால் அன்னசத்திரத்தில் சோறு மறுக்கப்பட்டது. அந்த இளைஞர்தான் பின்னாளில் பெரியார்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் ஓட்டல் ஒரு சின்னப் புரட்சி. காசை வை, சாவியை எடு! அதுவும் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. ஓட்டல்களிலும் பிராமணருக்குத் தனிப் பந்தி போட்ட காலம் உண்டு. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம், 15-வது பிரிவில் ஓட்டலைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, மதம், ஜாதியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று கதவைத் திறந்துவைத்தது.

சரி, வீடு மாற்றிக்கொள்வதில்? யாரை உள்ளே விடுவது என்பது வீட்டுக்காரர் இஷ்டம். அந்த இஷ்டம் எப்படி வேலை செய்யும்? அமெரிக்காவில், வீடுகளை வாடகைக்கு விடும் 'ஏர்பிஎன்பி' மூலம் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இடம் கேட்டுப் பார்த்தார்கள். விவரம் எல்லாம் ஒன்றே, விருந்தாளியின் பெயர் மட்டும் வேறு. கறுப்பினத்தவர் பெயர் என்றால் சம்மதம் கிடைக்கும் வாய்ப்பு 16 சதவிகிதம் குறைந்தது! 2017-ல் வெளியானது அந்த ஆய்வு.

வீடு மாற்றிக்கொள்வது நல்ல சிக்கனம்தான். சமையலறை கிடைக்கும், குழந்தைகளுக்கு ஓடியாட இடம் கிடைக்கும். தாராளமாகச் செய்யுங்கள். 'எத்தனை பேர், எத்தனை நாள்?' என்று கேட்டுச் சாவியைக் கொடுத்தால் அது பாணன் போன வழி. 'நீங்க என்ன ஆளுங்க?' என்று ஆரம்பித்தால்... காசு போனாலும் பரவாயில்லை, ஓட்டலே மேல்!